பின்னால் வருவோருக்கும் உயிர் உண்டு

யாழ்ப்பாணத்திலிருந்து கல்லுண்டாய் வெளியூடாக அராலிப் பாலத்தைக் கடந்து வட்டுக்கோட்டைக்கு வரும் வீதியை அறியாதார் இப்பகுதியில் இலர். மாரியில் வெள்ளமும் கோடையில் உவர் மண்ணுமாக விரிந்து கிடக்கும் வெளி அது. மாலை மங்கும் வேளையில் அவ்வீதியிலே பாரம் ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் மோட்டார்ச் சைக்கிளில் வருபவர் காண்பது யாது? பலகைச் சுவர் ஒன்றையே காண்கின்றார். அச்சுவருக்கு அப்பால் மாடு படுத்திருக்கின்றதா, வீதி குழி விழுந்திருக்கின்றதா, டியூஷன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே வருகின்றனரா என்பதை அவர் அறியார். லொறிச் சாரதி ஒருவரே அறிவார். சாரதி வேகத்தைக் குறைக்கின்றார். அவர் குறைத்ததைப் பின்னால் வருபவர் அறிவதற்கு முன்னரே பலகைச் சுவர் அவர் முகத்துக்கு வந்துவிடுகின்றது.

சிறிய கார் முன்னாற் சென்றால், அதன் கண்ணாடியூடாகவே பின்னால் வருவோர் வீதியைக் காணலாம். கார் நிற்பதற்கு முன்னரே, அது ஏன் நிற்கப் போகின்றது என்பதையும் ஊகித்துக்கொள்ளலாம். லொறியின் பின்னால் அந்த வசதி இல்லை. எனவே, லொறிக்கு ஒரு தனிக்கடமை உண்டு என்று நாம் கருதுகின்றோம். பிறருடைய பார்வையை மறைப்பவர், தாம் காண்பதைப் பிறருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். இது புதிய நீதியன்று. தன் காணியிலே கிணறு வெட்டுகின்றவன் அதற்குக் கட்டுக் கட்டவேண்டும், வழியே போவோர் விழுந்து மாளும்படி திறந்து விடலாகாது என்று நம் ஊரவர் சொல்வது இந்த நீதியைத்தான்.

அரசியல் வார ஏட்டிலே லொறி விளக்கைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். இந்நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். அவருட் பெருந்தொகையினர் மோட்டார்ச் சைக்கிளிலே சென்றவர்கள், உழைக்கும் வயதினர், குடும்பத்தைத் தாங்குவோர். மக்களின் உயிரைக் காப்பது அரசின் முதற் கடமையென்றால், அவ்வுயிர் எவ்விடத்தில், எக்காரணத்தால் போகின்றது என்று கேட்பது அரசியலேயன்றி வேறென்ன? பெரிய உரிமைகளைப் பற்றிப் பேசுகின்ற நாம், சந்தைக்குச் சென்ற மகன் வீட்டுக்குத் திரும்பி வரும் உரிமையைச் சிறிதென்று தள்ளிவிடலாமா?

எமது தொழிலிலே நாம் கண்ட ஒரு வழக்கை இங்கு சொல்லுதல் பொருந்தும். இளம் விவசாயி ஒருவர். புகையிலைக் கன்றுக்குப் பசளை வாங்கிக்கொண்டு பொழுதுபட்ட வேளையில் வீடு திரும்பினார். முன்னே கல் ஏற்றிய லொறி ஒன்று சென்றது. அது திடீரென மெதுவாகியது. விளக்கு எதுவும் எரியவில்லை என்பது அவருடைய வாக்குமூலம். லொறியின் பின்பலகையில் மோதிக் கால் முறிந்து வைத்தியசாலையிற் கிடந்தவருக்கு, அங்கேயே ஒரு செய்தி வந்தது: விபத்தைத் தவிர்க்கத் தவறினார் என்று அவர்மீதே குற்றச்சாட்டு. லொறி மறுநாளே சொந்தக்காரரிடம் சென்றுவிட்டது. பின்னர் அதனைப் பரிசோதித்தபோது பிரேக் விளக்கு நன்றாகவே எரிந்தது. எரிந்த குமிழ் விபத்தன்று இருந்த குமிழா, அதற்குப் பின் பூட்டிய குமிழா என்று சொல்ல எவராலும் முடியவில்லை. நீதிமன்றுக்கு நடந்து நடந்து சலித்த அவ்விளைஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். அவ்வாண்டுப் போகம் தவறியது. முறிந்த காலும் முன்போல் ஆகவில்லை.

பின்னால் வந்தவனே குற்றவாளி என்பது வீதி வழக்குகளில் வேரூன்றிய எண்ணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. முன்னாற் செல்லும் வாகனம் எந்நேரமும் நிற்கக்கூடும். போதிய இடைவெளி விட்டுச் செல்வது பின்னால் வருபவரின் பொறுப்பு. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பொறுப்பு ஒரு பக்கத்துக்கு மாத்திரம் உரியதா? முன்னால் உள்ளவர் அறிவித்தாரா என்ற வினாவை எழுப்பாமலே பின்னால் உள்ளவரைத் தண்டிப்பது, ஒரு காதை மூடிக்கொண்டு வழக்கைக் கேட்பதற்கு ஒப்பாகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கின்றது. வாகனத்தின் நிலையையும், விளக்கையும், சாரதியின் நடத்தையையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டம் அது. சட்டம் இரு கண்ணோடு பிறந்தது. நடைமுறைதான் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றது.

பின்னால் வருவோருக்கு அறிவிக்க வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் வாகனத்தோடு வந்ததன்று. இரவில் போகும் மாட்டு வண்டிலின் கீழே அரிக்கன் லாம்பு தொங்கிய காலத்தை எம் மூத்தோர் அறிவர். புகையிரதப் பகுதியினர், வண்டித் தொடரின் கடைசிப் பெட்டியிலே அடையாள விளக்கு இல்லாமல் இரவில் வண்டியை ஓட விடுவதில்லை. பழைய லொறிச் சாரதிகள் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மெல்ல மேலும் கீழும் அசைத்து, மெதுவாகப் போகின்றேன் என்று சொல்வர். அந்தக் கைச்சைகையில் ஒரு நயம் இருந்தது. கை மெல்ல அசைந்தால் மெல்லக் குறைகின்றது என்றும், படபடவென அசைந்தால் ஆபத்து என்றும் பின்னால் வருவோர் விளங்கிக்கொண்டனர். கையின் இடத்துக்குச் சிவப்பு விளக்கு வந்தபோது வெளிச்சம் கூடியது. சொல்லும் செய்தியோ குறைந்தது.

இன்றைய பிரேக் விளக்கிலே மூன்று குறைகள் உள.

முதலாவது குறை, விளக்கு இருந்தும் இல்லாமையாகும். குமிழ் எரிந்து போயிருக்கும், கம்பி அறுந்திருக்கும், பிரேக் மிதியோடு சேர்ந்த சுவிச் பழுதாகியிருக்கும். இவை யாவும் நலமாக இருந்தாலும் செம்மண் அப்பிக் கண்ணாடி மங்கியிருக்கும். மணலும் கல்லும் ஏற்றும் டிப்பர்களில் இதனை நாள்தோறும் காணலாம். வைக்கோல் ஏற்றிய லொறியில் வைக்கோலே விளக்கின்மேல் தொங்கும். நீண்ட மரமோ இரும்போ ஏற்றும்போது பின்கதவைத் தொங்கவிட்டால், அக்கதவே விளக்கை மறைத்துவிடும். சாரதி முன்னாலிருந்து இவற்றைக் காண்பதில்லை. தம் விளக்கு எரிகின்றது என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கின்றார்.

இரண்டாவது குறை, லொறி மெதுவாகியும் விளக்கு மௌனமாக இருத்தலாகும். பிரேக் மிதியை அழுத்தினால் மாத்திரமே பெரும்பாலான லொறிகளில் சிவப்பு விளக்கு எரியும். ஆயின், பாரம் ஏற்றிய லொறியை நிறுத்த மிதி ஒன்றே வழியன்று. கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதற்கு மேலாக, எஞ்சினின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. சாரதிகள் அதனை எக்ஸோஸ்ட் பிரேக் என்பர். பிரேக் கட்டைகள் சூடேறித் தேயாமல் காக்கும் நல்ல அமைப்பு அது. அனுபவமுள்ள சாரதிகள் அதனையே முதலிற் பயன்படுத்துகின்றனர், அதுவே முறையுமாகும். ஆனால், விளக்கோடு இணைக்கப்படாத லொறியில் அவ்வமைப்பு வேலை செய்யும் நேரமெல்லாம் பின்விளக்கு எரிவதில்லை. தேர்ந்த சாரதி மிதியைத் தொடாமலே வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார். பின்னால் வருபவருக்கோ ஒரு சொல்லும் கிடைக்காது. மேலே நாம் கூறிய வழக்கில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், விளக்கு எரியவில்லை என்று விவசாயி சொன்னதும் உண்மை. விளக்கு பழுதில்லை என்று பரிசோதனை காட்டியதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு கால் முறிந்தது.

மூன்றாவது குறை, விளக்குக்கு அளவு தெரியாமையாகும். சந்தியில் மெல்ல மிதித்தாலும் அதே சிவப்பு. உயிருக்கு அஞ்சி முழுப் பலத்தோடு மிதித்தாலும் அதே சிவப்பு. எவ்வளவு வேகமாகக் குறைகின்றது என்பதைப் பின்னால் வருபவர் தம் கண்ணளவால் மதிப்பிட வேண்டும். இருளில், மழையில், பெரிய பலகைச் சுவரின் முன் அந்த மதிப்பீடு பிழைப்பது எளிது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கின்றார். கண்டு, விளங்கி, பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி சென்றால் 25 மீற்றர் ஓடிவிடும். அதன் பின்னரே அவருடைய பிரேக் பிடிக்கத் தொடங்கும். இங்கு அரை வினாடியின் விலை எட்டு மீற்றருக்கு மேல்.

இக்குறைகள் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியன அல்ல. பிற நாட்டார் இவற்றை எவ்வாறு அணுகினர் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலே ஜோன் வொயெவொட்ஸ்கி என்னும் உளவியலாளர், 343 வாடகைக் கார்களின் பின்புறத்தில் மஞ்சள் விளக்கொன்றைப் பூட்டிப் பார்த்தார். வேகம் எவ்வளவு விரைவாகக் குறைந்ததோ, அவ்வளவு விரைவாக அவ்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பழைய சாரதியின் கை செய்த வேலையை அவ்விளக்கு மீண்டும் செய்தது என்று சொல்லலாம். 1974இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, அக்கார்களைப் பின்னாலிருந்து மோதும் விபத்து 60.6 விழுக்காடு குறைந்தது. பின்னர் அந்நாட்டு அரசு, 1986ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால், அது விட்டு விட்டு எரியும் மஞ்சள் விளக்கன்று. நிலையாக எரியும் சிவப்பு விளக்கே.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அம்மூன்றாவது விளக்கு நாடெங்கும் பரவியபின், அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவகம் 1998இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நிலையாக நின்ற பயன் 4.3 விழுக்காடே. சில வாகனங்களில் மாத்திரம் இருந்த புதுமை கண்ணைக் கவர்ந்தது; எல்லா வாகனங்களிலும் வந்தபின் கண் பழகிவிட்டது. ஆகவே, விளக்கொன்றைப் பூட்டினால் விபத்தே ஒழியும் என்று எவரேனும் சொல்வாராயின் நம்ப வேண்டாம். எனினும், நூறு விபத்தில் நான்கு குறைவது அற்பமன்று. அந்த நான்கில் ஒன்று நம் வீட்டு விபத்தாயின் அதன் அருமை விளங்கும்.

பார வண்டிகளைப் பற்றிய செய்தி இன்னும் நெருக்கமானது. அதே நாட்டில் எரிபொருள் முதலியவற்றைத் தாங்கிகளிற் கொண்டு செல்லும் குறொண்டைக் என்னும் நிறுவனம், பிரேக் பிடிக்கும்போது விட்டு விட்டு எரியும் மஞ்சள் விளக்கொன்றைச் சிவப்பு விளக்கோடு சேர்த்துத் தன் வண்டிகளிற் பொருத்தியது. 2015 தொடக்கம் 2017 வரை வைத்திருந்த கணக்கின்படி, பின்னாலிருந்து மோதும் விபத்து 33.7 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அந்நாட்டுச் சட்டம் பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும் என்று விதித்திருந்தமையால், 2019இல் மத்திய அரசின் அதிகார சபை அந்நிறுவனத்துக்கு விதிவிலக்கு அளித்தது. இது நிறுவனம் தானே எடுத்த கணக்கு என்பதை மறவாமல் அதற்குரிய மதிப்பைக் கொடுப்போம். சட்டம் பிடிவாதமாக நில்லாமல், சான்றைக் கேட்டு, அளவோடு வழிவிட்டது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் வகுக்கப்பட்ட வாகன ஒழுங்குவிதிகள் இன்னும் தெளிவானவை. 48ஆம் இலக்க ஒழுங்குவிதி அவசர நிறுத்த அறிவிப்பு என்றொன்றை வகுத்திருக்கின்றது. வாகனம் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும்போது கடுமையாகப் பிரேக் பிடித்தால், பின்விளக்குகள் வினாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை விட்டு விட்டு எரியும். அந்தக் கடுமைக்கும் அளவுண்டு. காருக்கு ஒவ்வொரு வினாடியிலும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர் குறையவேண்டும். பார வண்டிக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் குறைந்தாலே போதும். பார வண்டியின் பிரேக்குக்குப் பார வண்டியின் அளவுகோல் என்பது இதன் நியாயம்.

மிதியைத் தொடாமல் வேகம் குறைவதையும் அவ்வொழுங்குவிதிகள் விட்டுவைக்கவில்லை. மின்சாரக் கார்களில் காலை எடுத்தவுடனே மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அவ்வாறு குறையும் வேகம் ஒரு வினாடியில் மணிக்கு 5 கிலோமீற்றரை அண்மித்தால், மிதியைத் தொடாவிடினும் பிரேக் விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்பது விதி. பார வண்டிகளின் எஞ்சின் பிரேக்குக்கும் இதையொத்த விதி உண்டு. மிதித்தாயா என்று கேளாமல், குறைந்தாயா என்று கேட்பதே இவ்விதிகளின் சாரம். பின்னால் வருபவருக்கு வேண்டியதும் அதுவே. சாரதியின் கால் எங்கே இருந்தது என்பதில் அவருக்கு என்ன கவலை?

இனி நம் நாட்டில் ஆகவேண்டியவை யாவை?

முதலாவதாக, உள்ள விளக்கு எரியட்டும். லொறிகளும் பஸ்களும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெற்றே வருமான அனுமதிப்பத்திரம் பெறுகின்றன. சான்றிதழ் பெறும் நாளில் விளக்கு எரிந்தது போதாது. ஆண்டின் மற்ற 364 நாட்களும் எரிய வேண்டும். வீதியிலே வாகனங்களை மறிக்கும் பொலிஸார், பத்திரங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், சாரதியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னாற் சென்று ஒரு முறை பார்க்கட்டும். அதற்குக் கருவி வேண்டாம், செலவு வேண்டாம். பத்து வினாடி போதும். பாரம் விளக்கை மறைக்குமானால், பாரத்தின் பின்முனையிலே வேறொரு விளக்கைத் தொங்கவிடுதல் கட்டாயமாகட்டும்.

இரண்டாவதாக, எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள லொறிகளில், அது கணிசமாக வேகத்தைக் குறைக்கும்போது பின்விளக்கும் எரியுமாறு இணைக்கப்படல் வேண்டும். கணிசமாக என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாரதி காலை எடுக்குந்தோறும் சிவப்பு எரியுமாயின், வீதி முழுவதும் சிவப்பாகும். பின்னால் வருவோர் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். புலி வருகுது என்று பொய்யாகக் கூவிய இடைச் சிறுவனின் கதை விளக்குக்கும் பொருந்தும். எனவே, எந்த அளவு குறைந்தால் எரிய வேண்டும் என்பதைப் பொறியியலாளரைக் கொண்டு வரையறுத்து ஒழுங்குவிதியாக்குதல் வேண்டும். அந்த அதிகாரம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சருக்கு இருக்கின்றது. புதுச் சட்டம் இயற்றிப் பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவதாக, புதிதாய் இறங்கும் பார வண்டிகளில் அவசர நிறுத்த அறிவிப்பு இருத்தல் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுப் பசியோடு நாடு வாகனம் வாங்குகின்றது. இன்று துறைமுகத்தில் இறங்கும் லொறி இருபது, முப்பது ஆண்டுகள் நம் வீதிகளில் ஓடும். இறங்கும்போது கேட்காததைப் பின்னர் கேட்டால், எல்லாச் சொந்தக்காரரும் செலவைக் காட்டி மறுப்பர். அதே வேளையில், பழைய வண்டிகளுக்கு இழையால் எரியும் குமிழை நீக்கி எல்ஈடி விளக்கைப் பூட்டினாலே ஒரு பயன் உண்டு. இழை சூடேறி ஒளி தர ஏறத்தாழ ஐந்திலொரு வினாடி செல்லும். எல்ஈடி உடனே எரியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஐந்திலொரு வினாடி மூன்று மீற்றருக்கு மேல். ஒரு மோட்டார்ச் சைக்கிளின் நீளத்தைவிட அதிகம்.

நான்காவதாக, அறிவிப்பு விளக்கின் பெருமையைக் கெடுக்கும் அலங்கார விளக்குகள் ஒழிய வேண்டும். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பின்னால் மின்னிக்கொண்டு போகும் வாகனத்தில், பிரேக் விளக்கு எது, அலங்காரம் எது என்று யார் அறிவார்? 2025 ஜனவரியில் பொலிஸார் இத்தகைய அனுமதியற்ற பொருத்துகைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, வாகனக்காரர் பலர் முறையிட்டனர். முன்னறிவித்தலின்றி அபராதம் விதிப்பது முறையன்று என்பதில் அவர்களோடு உடன்படுகின்றோம். எனினும், நோக்கம் நியாயமானது. தேவையற்ற விளக்கை அகற்றுவதும் தேவையான விளக்கை எரியச் செய்வதும் ஒரே பணியின் இரு பகுதிகள். முதலாவதற்குக் காட்டிய ஊக்கத்தை இரண்டாவதற்கும் காட்டுவார்களா?

ஐந்தாவதாக, விபத்து நடந்த இடத்திலேயே முன் வாகனத்தின் பின்விளக்குப் பரிசோதிக்கப்பட்டு, அம்முடிவு எழுத்திற் பதியப்படல் வேண்டும். வாகனம் சொந்தக்காரர் கைக்குத் திரும்புவதற்கு முன் இது நடைபெற வேண்டும். இன்று கைத்தொலைபேசி இல்லாத பொலிஸ் உத்தியோகத்தர் இல்லை. பிரேக்கை மிதிக்கச் செய்து ஒரு படம் எடுத்தால் முடிந்தது. அந்தப் படம் ஒன்று இருந்திருந்தால், நாம் மேலே கூறிய இளைஞரின் வழக்கு வேறுவிதமாய் முடிந்திருக்கக்கூடும். அல்லது, அவர்மீதுதான் தவறு என்பது ஐயமின்றித் துணியப்பட்டிருக்கும். எவ்வாறாயினும் நீதி நடந்தது என்ற மனநிறைவோடு அவர் வீடு சென்றிருப்பார். சட்டத்தரணிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. தண்டத்தைக் கட்டிவிட்டுப் போ என்று கட்சிக்காரருக்கு எளிய வழியைக் காட்டுமுன், முன் வாகனத்தின் விளக்கைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்போமாக. எம்மையும் சேர்த்தே இதைச் சொல்கின்றோம்.

அரசினரை நோக்கிப் பேசிய நாம், நம்மவரை நோக்கியும் பேசாவிட்டால் நேர்மையாகாது.

விவசாயிகளே, லொறிக்காரரைக் குறை கூறுமுன் நம் உழவு இயந்திரங்களைப் பார்ப்போம். சங்கானைச் சந்தைக்கும் சுன்னாகச் சந்தைக்கும் விடியுமுன் மரக்கறி ஏற்றிச் செல்லும் பெட்டிகளில் எத்தனைக்குப் பின்விளக்கு உண்டு? இரு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னே பெட்டியைக் கொழுவி, அதன்மேல் வெங்காய மூடையை அடுக்கி, இருளிலே வீதிக்கு ஏற்றுகின்றோம். நிற்கின்றதா ஓடுகின்றதா என்றே பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை. ஒளி பட்டால் மின்னும் சிவப்புத் தகட்டின் விலை, ஒரு வேளை தேநீரும் வடையும் உண்ணும் செலவுக்கு மிக மேலே போகாது. வண்டிலின் கீழே அரிக்கன் லாம்பைத் தொங்கவிட்ட நம் பாட்டனார் நம்மைவிட நாகரிகம் உடையவராய் இருந்தார் என்று பிறர் சொல்ல இடங்கொடுக்கலாமா?

லொறிச் சொந்தக்காரர்களே, உங்கள் சாரதி காலையில் வண்டியை எடுக்குமுன், உதவியாளரைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்க்கட்டும். கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்கட்டும். குமிழ் இரண்டு எப்பொழுதும் வண்டியில் இருக்கட்டும். விளக்கில்லாமல் வண்டியை எடு என்று வற்புறுத்தப்படும் சாரதி, மறுப்பதற்கு அஞ்சுகின்றார். வேலை போய்விடும் என்பது அவர் கவலை. தவறு நேர்ந்தால் பொலிஸ் நிலையத்துக்குப் போகின்றவரும் அவரே. ஆகையால், விளக்குக்கான பொறுப்பு சாரதியோடு நில்லாது சொந்தக்காரரையும் சேரவேண்டும் என்பது எமது கருத்து.

மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் தம்பிமாரே, தங்கைமாரே, லொறியின் பின்னால் ஒட்டிக்கொண்டு செல்லாதீர்கள். முன்னே செல்லும் லொறி ஒரு மின்கம்பத்தைக் கடந்தபின், நீங்கள் அக்கம்பத்தை அடைய இரண்டு வினாடியாவது செல்லவேண்டும். மழையில் நான்கு வினாடி. எந்த விளக்கும் இடைவெளிக்கு ஈடாகாது. கையிலே தொலைபேசியை வைத்துக்கொண்டு செல்பவருக்கு ஆயிரம் விளக்கு எரிந்தாலும் பயனில்லை.

வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. வருமான அனுமதிப்பத்திரம் மாகாண நிருவாகத்தால் பிரதேச செயலகங்களில் வழங்கப்படுகின்றது. கட்டணமும் மாகாணத்துக்கே சேர்கின்றது. கட்டணம் வாங்கும் கை, வாகனத்தின் பின்புறத்தையும் ஒரு முறை பார்த்தாலென்ன என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. பெரிய தீர்வுகள் வரும்வரை சிறிய கடமைகளைத் தள்ளிவைப்பது ஒரு வகைச் சோம்பலே. சங்கானைப் பிரதேச செயலகத்துக்கும் வலிகாமம் மேற்குப் பிரதேச சபைக்கும், இப்பகுதிக் கமக்கார அமைப்புகளும் சனசமூக நிலையங்களும் இவ்விடயமாக மனுச் செய்தல் வேண்டும். மனுவோடு நில்லாமல், சந்தை நாளில் ஒரு காலைப்பொழுது லொறிகளின் பின்னே நின்று எத்தனை விளக்கு எரிகின்றது, எத்தனை எரியவில்லை என்று எண்ணிக் கணக்கும் கொடுத்தல் வேண்டும். மூன்று வாலிபரும் ஒரு கொப்பியும் போதும். கணக்கோடு வருபவரை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

கல்லுண்டாய் வெளியில் இன்றும் பொழுது படும். இன்றும் லொறிகள் போகும். அவற்றின் பின்னால் நம் பிள்ளைகள் வருவர். முன்னே நடப்பதை மறைத்துக்கொண்டு செல்லும் அப்பலகைச் சுவரிலே, மெதுவாகின்றேன், கவனம் என்று சொல்லும் விளக்கொன்று தவறாமல் எரியட்டும். அதை எரியச் செய்யும் அதிகாரம் உடையோர் செய்வார்களா? செய்யும்வரை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.